அப்பா தேய்த்த கோட்டு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, கோபம் குறையவில்லை. அப்படியென்றால் உடம்பு தேறிவிட்டது என்றுதான் அர்த்தம். எனக்கு அதே முழங்கால்தான். உன் தொண்டை எப்படி இருக்கிறது? தேர்தலுக்குக் கத்தின கத்தலுக்கு நீ இன்னும் இரண்டு மாதம் வெந்நீர் குடிக்க வேண்டும். உன் வீட்டுக்காரியையும் சின்னவளையும் கேட்டதாகச் சொல்.

சட்டசபையில் முதல் நாள் எடுத்த உன் போட்டோ வந்து சேர்ந்தது. அப்பா அதற்குக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு நேர் மேலே மாட்டிவிட்டார். இனி இந்தக் கடையில் அழுக்குத் துணி போட வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். "எம் பையன்" என்கிறார். கேட்காதவர்களிடமும் சொல்கிறார். நான் பக்கத்தில் நின்று ரசீது கிழிக்கிறேன். நான் யார் என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

உன் கோட்டை ரயில் பார்சலில் போட்டுவிட்டேன். அதற்கு நடந்த தடபுடலை நீ பார்க்க வேண்டுமே. எல்லாரையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார். மேல்பலகையிலிருந்து அந்தப் பெரிய பெட்டியை இறக்கினார். அவர் கடை ஆரம்பித்த அன்று வாங்கின இஸ்திரிப் பெட்டி, உனக்குத்தான் தெரியுமே. ஈரத்துணியை விரித்து, தோளில் ஆரம்பித்து, காலர் மடிப்புக்கு வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு கோட்டுக்கு ஒரு காலைப்பொழுது. பாய்லரும் நீராவி மெஷினும் பக்கத்திலேயே வேலையில்லாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றன. நானும்தான்.

கல்யாணம்கூட வேண்டாம் என்று இந்தக் கடையோடு கிடக்கிறவள் நான். பாய்லருக்குத் தண்ணீர் விடுவதிலிருந்து வரி கட்டுவது வரை எல்லாம் என் தலையில். ஒரு நாளாவது "இந்தா, இந்தப் பெட்டியைப் பிடி" என்று அவர் சொன்னது கிடையாது. நீ போன பிறகும் உனக்காகவே அது மேலே உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சல்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது, நீ என் முகத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவாய்.

இங்கே ஒரு பேச்சு அடிபடுகிறது. பாய்லர் வைத்திருக்கிற சின்னக் கடைகளுக்குப் புதிதாக ஒரு வரி வரப்போகிறதாம். எதிர்க்கடை ரொட்டிக்காரர் வந்து சொன்னார். அப்பா சிரித்துவிட்டார். நம்ம கட்சி ஆட்சியில் அது நடக்காது என்றார். நீ இதே கடை வாசலில் நாற்காலி மேல் ஏறி நின்று, சின்னக் கடைக்காரன் தலையில் ஒரு புது வரியும் விழ விடமாட்டேன் என்று சொன்னாயே, அதை அவர் இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறார். எனக்கு என்னவோ நாற்காலி மேல் ஏறிச் சொல்கிற வார்த்தை இறங்கும்போது கூடவே இறங்கிவிடும் என்று தோன்றுகிறது. பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீர்.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லாரும் சுகம். சின்னவளுக்கு ஒரு பல் விழுந்தது, அதை நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டு வந்தாள். உன் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, அனுப்புகிறேன். அப்பாவைக் குளிரில் வெளியே விடாதே.

கோட்டு வந்தது. நிதி மந்திரியே நடையில் நிறுத்தி, யார் தேய்த்தது என்று கேட்டார். எங்கள் அப்பா என்றேன். தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அப்பாவிடம் இதைச் சொல், சந்தோஷப்படுவார்.

உன் கடிதத்தைப் படித்தால் எதிர்க்கட்சித் தலைவர் பேசுகிற மாதிரியே இருக்கிறது. அவர் இவ்வளவு நன்றாகப் பேசுவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

வரி பற்றி ஏதோ பேச்சு இருக்கிறது. இங்கே தினமும் ஏதாவது பேச்சு இருக்கும். எதுவும் முடிவாகவில்லை. நான் இப்படி எழுதினதை அப்பா காதுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

உங்கள் இரண்டு பேருக்கும் எங்கள் அன்பு.

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அப்பா சாப்பிடுகிறார், நடக்கிறார். தைலம் வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது, முழங்காலுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

வரிக்கு முதல் வாக்கெடுப்பு நடந்ததை ரேடியோவில் சொன்னார்கள். ஆதரித்தவர்கள் பெயரை வாசித்தார்கள். அப்பா நின்றுகொண்டே கேட்டார். உன் பெயர் வந்தது. எல்லாப் பெயரும் முடிகிற வரைக்கும் அவர் அசையவில்லை. அப்புறம் ரேடியோவை அணைத்துவிட்டு, அதற்குக் காய்ச்சலா என்று பார்க்கிறவர் மாதிரி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பெரிய ஆலைகளுக்கு மட்டும் விலக்காமே. அவர்கள் நாட்டின் முதுகெலும்பு என்று உங்கள் மந்திரி சொன்னார். நாங்கள் என்ன, நகமா? வளர வளர வெட்டுவதற்கு? வாழ்நாள் முழுக்க இந்தக் கட்சிக்கு வோட்டுப் போட்டவர் அப்பா. உழைக்கிறவன் காசைத் தொடுவதற்கு முன்னால் அரசாங்கம் கூச்சப்பட வேண்டும் என்று சொல்கிற கட்சி இது ஒன்றுதான் என்று ஊரெல்லாம் சண்டை போட்டவர். வரி கட்டுகிற நாளில் ஜன்னல் திறப்பதற்கு முன்னால் போய் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறவர். அவரிடமே இப்போது கூச்சமில்லாமல் கை நீட்டுகிறார்கள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த வரியை யோக்கியன்கிட்ட மட்டும்தான் வாங்க முடியும். மத்தவன் எல்லாம் பாய்லரைத் தண்ணித் தொட்டின்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவான்." அவர் சொல்லி வாய் மூடவில்லை, ரொட்டிக்காரர் பாய்லருக்கு நீலப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார். எங்களுக்கும் ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். இந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. துணிப் பையில் என்ன கிடந்தாலும், பித்தானாக இருந்தாலும் பழைய பஸ் டிக்கெட்டாக இருந்தாலும், காகிதத்தில் மடித்து அந்தத் துணியோடு குத்தித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பையில் கிடப்பது நம்முடையது இல்லை. உங்கள் சபையை மொத்தமாக ஒரு நாள் நம் கடைக்கு வெளுக்கப் போட்டால் எவ்வளவு காகிதம் தேவைப்படும் என்று யோசித்துப் பார்த்தேன்.

உன் கோட்டு அதே வாரம் வந்தது. "அவன் கோட்டை அவன் கட்சியே தேய்ச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பெரிய பெட்டியை இறக்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். உன் போட்டோவை எடுக்கவில்லை. அதற்கு முன்னால் காலண்டரை மாட்டிவிட்டார். இப்போது காற்றடித்தால் மட்டும் நீ கொஞ்சம் தெரிகிறாய். கோட்டை வந்தபடியே திருப்பி அனுப்புகிறேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு இரண்டு நாளாக நல்ல தூக்கம். அப்பா என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். பாய்லர் சத்தம் சரியில்லையே, நீ என்ன நினைக்கிறாய் என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டார், தம்பி. நீ விழுந்த இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், நான் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

சின்னவளுக்குப் பல் முளைத்ததா?

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுதினால் பொய். சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரி நான் இளைத்துவிட்டேன் என்கிறாள்.

திட்டமாட்டேன். நீ எழுதினதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. கட்சிக் கொறடா உத்தரவு போட்டார், நான் கை தூக்கினேன், அவ்வளவுதான் நடந்தது. சபைக்கு வருவதற்கு முன்னால் நானும் உன்னை மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே வந்த பிறகு ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு காரணம் சொல்லித் தருகிறார்கள். காரணம் கேட்கக் கேட்க நன்றாகவே இருக்கிறது. உறுப்பினர் விடுதிக்குத் திரும்பி வந்த பிறகுதான் வாய் கசக்கிறது.

ஆனால் இன்னும் முடியவில்லை. கடைசி வாக்கெடுப்பு மே மாதம் நடுவில். அன்றைக்கு எதிர்க்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் கட்சியிலேயே ஆறு பேர் தயங்கிக்கொண்டிருக்கிறோம். எழுந்தால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது என்று கொறடா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மற்ற ஐந்து பேரும் நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

கோட்டைத் திரும்பவும் அனுப்புகிறேன். இங்கே பழைய கோட்டு ஒன்றை வைத்துச் சமாளித்துக்கொள்வேன். அப்பாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. அவர் என்னோடு பேச வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். இந்த ஒரு தடவை தேய்த்துக் கொடுத்தால் போதும். நான் இன்னும் அவர் பிள்ளைதான் என்று எடுத்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிடுவேன்.

ஒன்று மட்டும். பாவம் பார்த்து நீயே தேய்த்து அனுப்பிவிடாதே. அப்பா கை எனக்குத் தெரியும். நீ தேய்த்தால் தோளில் ஒரு பளபளப்பு விழும், காலரும் செத்துப்போகும். பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவேன்.

பதிலைக் கடிதத்திலேயே எழுது. விடுதிப் போனில் பேசினால் கொறடாவுக்கு முதலில் தெரிந்துவிடும்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

இங்கே சுகம். கோட்டு வந்து சேர்ந்தது. நீ எழுதினதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

பாய்லர் வால்வு மாற்றியாகிவிட்டது. மழை வருகிற மாதிரி இருக்கிறது, துணி காய்வதில்லை. அப்பா விரலில் சின்னச் சூடு பட்டது, கொப்புளம் அடங்கிவிட்டது, கவலைப்படாதே.

இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை கோட்டு தேய்க்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தோளில் பளபளப்பு என்று இதுவரை ஒருவரும் திரும்பக் கொண்டுவந்ததில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பா விரல் ஆறியதா? இஸ்திரிப் பக்கமே போகாதவருக்கு எப்படிச் சூடு பட்டது?

பளபளப்பு என்று எழுதினதற்குக் கோபமா? நான் விளையாட்டாக எழுதினேன். நீ இல்லாவிட்டால் அந்தக் கடையே இல்லை என்று எனக்குத் தெரியாதா.

பார்சல் ஆபீஸுக்குத் தினமும் போய்ப் பார்க்கிறேன். அங்கே இருக்கிறவர் என்னைக் கண்டாலே கையை விரித்துவிடுகிறார். வாக்கெடுப்புக்கு இன்னும் அதிக நாள் இல்லை. அப்பா தேய்த்தாரா, இல்லையா? ஒரு வரி எழுது. எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

நாங்கள் சுகம். சின்னவளுக்கு என் அன்பு.

கோட்டு இங்கேதான் இருக்கிறது. அப்பா உனக்கு எதுவும் சொல்லச் சொல்லி என்னிடம் சொல்லவில்லை.

அக்கா


மே 20

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். வரி நிறைவேறிவிட்டது. அன்றைக்குப் பழைய கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். விடுதி சலவைக்காரர் தேய்த்தது. எதிர்க்கிறவர்கள் எழுந்திருக்கலாம் என்றார் சபைத் தலைவர். பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், என் முதுகையே பார்க்கிறார்கள் என்று திரும்பாமலே தெரிந்தது. அப்பாவே என்னைக் கைகழுவின பிறகு யாருக்காக எழுந்திருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. உட்கார்ந்தே இருந்தேன். அவர்களும் எழுந்திருக்கவில்லை. வெளியே வரும்போது கொறடா என் தோளில் தட்டினார். அந்த இடம் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

உன் மேல் எனக்குப் பொறாமை. நீ நம்பமாட்டாய். சின்ன வயதிலிருந்தே உண்டு. அப்பா என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசுவார், பேச்செல்லாம் உன்னோடுதான். பாய்லர் சத்தம், தண்ணீர் உப்பு, சோப்பு விலை, எதிர்க்கடைக்காரர் குணம், எல்லாம். எனக்கு அவரோடு பேச ஒரு கோட்டுத்தான் இருந்தது. அதுவும் முடிந்துபோனது.

அவர் தேய்க்காததற்கு உன் மேல் வருத்தமில்லை. நீ படித்துக் காட்டினாய், அது போதும்.

தம்பி


ஜூலை 14

மகனுக்கு அப்பா எழுதுவது.

நான் சௌக்கியம். கண் மங்கல், கை நடுக்கம். எழுத்துக் கோணியிருந்தால் பொறுத்துக்கொள். அக்காவை எழுதச் சொல்லவில்லை. இது உனக்கும் எனக்கும் உள்ளது. அவள் இப்போது உனக்கு எழுதுவதே இல்லை போலிருக்கிறது. கேட்டால் வேலை என்கிறாள்.

ஏப்ரல் மாதம் உன் கோட்டு வந்தது. நீ எழுதினதை அக்கா படித்தாள். எனக்குக் கோபம் தீரவில்லை. இருந்தாலும் பெட்டியை எடுத்தேன். கை முன்போல் இல்லை, விரலைச் சுட்டுக்கொண்டேன். முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அக்கா கையில் கொடுத்து அன்றைக்கே பார்சலில் போடு என்றேன். அப்புறம் கேட்டதற்கு, அனுப்பியாச்சு என்றாள்.

வாக்கெடுப்பு அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தவர்கள் பெயரில் உன் பெயர் வரவில்லை.

இரண்டு மாதமாக ஒரே கேள்வி. நான் தேய்த்த கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாயா? இதற்கு மட்டும் பதில் எழுது. காரணம் எதுவும் வேண்டாம். காரணம் ரேடியோவில் நிறையக் கேட்டாகிவிட்டது.

பாய்லர் வரிக்கு நோட்டீஸ் வந்தது. முதல் நாளே போய்க் கட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் யாரும் இல்லை. இந்தத் தெருவில் இப்போது பாய்லர் வைத்திருப்பது நாம் மட்டும்தான், மற்றது எல்லாம் தண்ணீர்த் தொட்டி. அடுத்த வருஷம் நம்முடையதையும் அணைக்க வேண்டியிருக்கும் என்று அக்கா சொல்கிறாள். ராவும் பகலும் அவள்தான் பாடுபடுகிறாள்.

குழந்தைக்கு என் ஆசி.

அப்பா


ஜூலை 25

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கோணல் ஒன்றும் இல்லை. ஈரக் காற்றில் நிற்காதீர்கள், விரலுக்கு எண்ணெய் போடுங்கள். நாங்கள் சுகம். சின்னவளுக்குப் புதுப் பல் வந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆமாம் அப்பா. அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பார்சல் நேரத்தோடு வந்துவிட்டது. கோட்டில் ஒரு குறையும் இல்லை, குறை எல்லாம் அதற்குள் இருந்தவனிடம்தான்.

அக்காவை எதுவும் கேட்க வேண்டாம். அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். கடையை அவள் நடத்துகிற மாதிரி நாட்டை நடத்த இங்கே ஒருவரும் இல்லை.

என் எழுத்துச் சின்னதாக இருக்கும். படிக்கக் கஷ்டமாக இருந்தால் அக்கா படித்துக் காட்டட்டும்.

உங்கள் மகன்


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை. என் உடம்பைப் பற்றிக் கேட்காதே. உன் தொண்டை சரியாகிவிட்டது என்று தெரிகிறது, பொய் அவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது.

கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம். "போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்" என்கிற இடத்தில் எனக்கு நாக்குப் புரளவில்லை. அப்பா, நல்லா சத்தமாப் படி என்றார். படித்தேன். அக்காவைக் கேட்க வேண்டாம் என்றதையும் படித்தேன். வேண்டுமென்றுதானே எழுதினாய், படுபாவி.

அப்பா எழுந்து போய்க் காலண்டரை நகர்த்தி உன் போட்டோவை இறக்கினார். கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துவிட்டு மேஜை மேல் குப்புற வைத்தார். அப்புறம் அலமாரியைத் திறந்து பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கையிலும் வைத்தார். "இனிமே இது உனக்கு" என்றார்.

எத்தனை வருஷமாக ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். கையில் வந்துவிட்டது. நீ போய்விட்டாய், போட்டோவும் போய்விட்டது, அப்பா முழுசாக எனக்கு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நீயே மூடி வைத்துக் கொடுத்திருக்கிறாய். அந்தப் பெட்டி நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தூக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை.

கீழே வைத்துவிட்டு உள்ளே போய் என் துணிகளுக்குப் பின்னாலிருந்து உன் கோட்டை எடுத்து வந்து அவர் முன்னால் மாட்டினேன். அனுப்பவே இல்லை, நான்தான் வைத்துக்கொண்டேன் என்றேன். பையில் கிடக்கிற பித்தானைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்கிற கடையில் நான் கோட்டையே வைத்துக்கொண்டேன். பாய்லர் வரியையும் நானே கூப்பிட்டு உட்கார வைத்தேன். உங்கள் மந்திரிகளைத் திட்ட இனி எனக்கு வாய் இல்லை. கொஞ்ச நாளைக்காவது.

ஏன் செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. நீ கேட்டால் சொல்கிறேன். அன்றைக்கு அவர் விரலைச் சுட்டுக்கொண்டு, கட்டுப் போட்டுக்கொண்டு, மறுநாள் திரும்பவும் உன் காலரைத் தேய்க்க நின்றார். நான் தேய்க்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அவனுக்குத் தெரிஞ்சுடும்" என்றார். நீ எழுதினதையே அவரும் சொன்னார். அவ்வளவுதான். அனுப்பலாம் அனுப்பலாம் என்று தினமும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே உனக்கு அந்த இரண்டு வரியையும் எழுதினேன். எழுதினதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் கொறடா என்னைப் பார்த்திருந்தால் சீட்டுக் கொடுத்திருப்பார்.

அப்பா காலர் மடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். மூன்றரை மாதம் அடைந்து கிடந்தும் கலையவில்லை. அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது, அந்த நேரத்திலும்.

"போட்டுக்கிட்டேன்னு அவன் ஏன் எழுதினான்?" என்று கேட்டார்.

"எனக்காக."

இரண்டு பேர் துணி வாங்க வந்தார்கள், கொடுத்து அனுப்பினேன். அப்புறம்தான் வாயைத் திறந்தார். "கோட்டு வந்தாலும் வராட்டாலும் அவன் எழுந்திருக்கணும். எழுந்து நிக்கறதுக்கு அப்பன் கோட்டு எதுக்கு? கால் இருந்தாப் போதாதா?" நான் தலையை ஆட்டினேன். என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுத்தான் திட்டணும். தனித்தனியாத் திட்ட எனக்கு மூச்சு இல்லை. அவனை வரச் சொல்லு."

நம் இரண்டு பேரையும் அவர் ஒரே வாயில் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நாலு நாளாக என்னோடு பேச்சு இல்லை. பெட்டியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அது மேஜை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் நீ குப்புறக் கிடக்கிறாய். இரண்டையும் யாரும் தொடவில்லை.

கோட்டை அனுப்பமாட்டேன். வந்து எடுத்துக்கொள். சபைக் கூட்டம் முடிந்ததும் முதல் ரயிலில் ஏறு. வீட்டுக்காரியையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு வா, குழந்தை இருந்தால் அப்பா கொஞ்சம் அடக்கித் திட்டுவார்.

வரும்போது நன்றாகக் கசங்கின சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வா. அதை நான் தேய்க்கிறேன், அந்தப் பெட்டியாலேயே. தோளில் பளபளப்பு விழுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்.

அக்கா